பதினாலு கிலோக் கூண்டு

ஒரே ஒரு ஊரிலே, மேகம் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குள் வந்து அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டு வந்த வழியே போகிற மலையூரிலே, தவளைப்பாறை எஸ்டேட் என்று ஒரு தேயிலைக்காடு இருந்ததாம். அந்தத் தேயிலைக்காட்டின் தலைமாட்டில் நாற்பது வருஷமாக ஆள் இறங்காத பழைய ஏலக்காடு ஒன்று இருந்ததாம். அந்த ஏலக்காட்டுக்குள் ஒரே ஒரு புனுகுப்பூனை இருந்ததாம், இல்லாமலும் இருந்ததாம். இருக்கிறது என்று அடித்துச் சொன்னவள் ஒருத்திதான். அவள் கூண்டு செய்கிறவள், பெயர் ஜெபக்கனி.

புனுகுப்பூனை என்றால் தோட்டத் தொழிலாளிகளின் லைன் வீட்டு ஓட்டின்மேல் ஓடிப் பிடித்து விளையாடுகிற சின்னச் சாதி இல்லை. கழுத்தில் வெள்ளைப் பட்டையும் முதுகில் சிலிர்த்து நிற்கும் கறுப்பு முடியுமாக நாய் உயரத்துக்கு நடக்கிற பெரிய சாதி; எத்தனை மிச்சம் இருக்கிறது என்று எண்ணப் போனவர்கள் ஒரு விரலைக்கூட மடக்காமல் திரும்பி வந்த சாதி. மூன்று வருஷத்துக்கு முன் ஏலக்காட்டு மரத்தில் கட்டியிருந்த தானியங்கிக் கேமராவில் ஒரே ஒருமுறை விழுந்தது, அதுவும் வாலும் ஒரு பின்னங்காலும் மட்டும். எஸ்டேட் மேனேஜர் பெல்லியப்பா தொரை அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டும் போடாமலும் பார்த்துவிட்டு, "இது ஒரு வால். ஒரு வாலுக்காக இருபது ஏக்கரைச் சும்மா விடுன்னு ஹெட் ஆபீஸ்ல என்னால சொல்ல முடியாது," என்றார். முழு மிருகத்தைப் பிடித்து, கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி, அது இங்கேதான் குடியிருக்கிறது என்று காட்டிவிட்டால் சட்டப்படி அந்தக் காட்டில் ஒரு புல்லைப் பிடுங்க முடியாது. காட்டாவிட்டால் கார்த்திகை ஒன்றாம் தேதி காலை எட்டு மணிக்கு ஜேசிபி ஏறும், தை பிறப்பதற்குள் தேயிலை நாற்று நட்டுவிடுவார்கள்.

பிடிப்பது பெரிய காரியமில்லை, வலிக்காமல் பிடிப்பதுதான் காரியம் என்று ஜெபக்கனிக்குத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன், காட்டுமிருக ஆராய்ச்சி முகாமில் ரெஹானா டாக்டரிடம் அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கம்பிவலைக் கூண்டு ஒன்றில் மரநாய் ஒன்று விழுந்தது. பெண் மரநாய். விடிந்து இவர்கள் போய்ப் பார்ப்பதற்குள் அது கம்பியைக் கடித்துக் கடித்துப் பல்லெல்லாம் உடைந்து, நகமெல்லாம் பெயர்ந்து, வாயெல்லாம் ரத்தமாக, அப்போதும் கடித்துக்கொண்டே இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் அது செத்துப்போனது. கம்பிமேல் பல் உரசுகிற அந்தச் சத்தம் மட்டும் சாகாமல் ஜெபக்கனியின் காதுக்குள் குடிவந்துவிட்டது. பல் விளக்கும்போது கேட்கும், கரண்டி சட்டியில் உரசினால் கேட்கும், ஜெபத்துக்கு முழங்கால் போட்டாலும் கேட்கும். அந்தச் சத்தம்தான் அவளைப் பிடரியில் கைவைத்துத் தள்ளித் தள்ளி இந்த ஆறு வருஷமும் கூண்டு செய்ய வைத்தது.

முதலில் கம்பியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பலகைக்கு மாறினாள். மிருகத்துக்கு அந்தப்பக்கம் வெளிச்சம் தெரிந்தால்தான் இது பொறியில்லை, வழி என்று படும் என்பதால் இரண்டு முனையிலும் கதவு வைத்தாள். கதவு தடாலென்று விழாமல் இமை மூடுவதுபோல இறங்குவதற்குப் பழைய சைக்கிள் ட்யூபைக் கட்டினாள். கீழே சருகு மெத்தை, மேலே சாக்குப் போர்வை, பக்கத்தில் மூச்சுத் துளைகள், கதவு இறங்கிய அந்த நொடியே தன்னுடைய போனில் மணி அடிப்பதற்கு ஒரு சின்னக் கருவி. எல்லாம் முடித்துப் பலகையின் உட்பக்கத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிறகு உள்ளங்கையால் தடவி, அதுவும் போதாமல் தலையை உள்ளே விட்டுக் கன்னத்தால் தடவிப் பார்ப்பாள். கன்னத்தில் ஒரு சிராய் இடறினால் மறுபடியும் முதலிலிருந்து தேய்ப்பாள். ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம், பதினாலு கிலோ எடை. அந்த எடையை அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள். மிருகம் விழுந்தால் கூண்டோடு தராசில் தூக்கிப் பதினாலைக் கழித்தால் போதும், அதைத் தொட்டு வதைக்க வேண்டாம் அல்லவா.

ஆறு வருஷத்து வேலை, ஒரே ஒரு கூண்டு. அது முடிந்தது ஆயுத பூஜைக்கு முந்தின நாள்.

முகாமின் ஜீப் ஓட்டுநர் சுடலை நல்ல மனுஷன், நல்லதைத் தவிர வேறொன்றும் நினைக்காத மனுஷன், அதனால்தான் அது நடந்தது. ஆயுத பூஜையன்று ஜீப்பைக் கழுவி, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, வாழைக்கன்று கட்டி முடித்தவர் பின்னால் இருந்த கூண்டைப் பார்த்தார். ஆறு வருஷத்து ஆயுதம், அதற்கு ஒரு பொட்டுக்கூட இல்லாமல் அனாதையாக இருக்கிறதே என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. ஜெபக்கனி மேல்லைனிலிருந்து இறங்கி வந்து பார்த்தபோது கூண்டுக்கு நாலு மூலையிலும் சந்தனமும் குங்குமமும் வைத்து, கதவில் மாவிலை கட்டி, உள்ளே சருகு மெத்தையில் பொரிகடலை தூவி, கற்பூரத் தட்டை மூன்றாவது சுற்று சுற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே! என்னண்ணே பண்ணி வச்சிருக்கீங்க? ஒரு மாசமா நான் சோப்புப் போட்டுக் குளிக்கல, தலைக்கு எண்ணெ வைக்கல, மனுஷ வாடையே படக்கூடாதுன்னு கிடக்கேன். கற்பூர வாசத்துக்கு எந்த மிருகம்ணே வரும்?"

"எங்க கோயில்ல வருதே தாயி, அத்தனையும்."

"அது மனுஷங்கண்ணே!"

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்று கற்பூரத்தை அவளிடம் நீட்டினார் சுடலை.

அழுவதற்கு நேரமில்லை. அவள் கூண்டை ஓடைத் தண்ணீரில் மூன்றுமுறை கழுவி, ஏல இலையைக் கசக்கித் தேய்த்து, சருகை மாற்றி, நாட்டு வாழைப்பழமும் ஒரு துண்டுக் கருவாடும் வைத்து ஏலக்காட்டு வாசலில், லைன் வீட்டுக்காரர்கள் சுள்ளி பொறுக்கப் போகிற ஒற்றையடிப் பாதைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். சுற்றிலும் ஓடை மணலைச் சலித்துத் தூவினாள், கால்தடம் விழட்டும் என்று.

மறுநாள் விடியலில் போன் அடித்தது. ஜெபக்கனி ஓடினாள். ரெஹானா டாக்டர் ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் செருப்புமாகப் பின்னால் ஓடி வந்தார். கூண்டின் இரண்டு கதவும் இறங்கியிருந்தன. சாக்கை ஒரு விரல் அளவு விலக்கிப் பார்த்தால், உள்ளே மயிலம்மா படுத்திருந்தாள்.

மயிலம்மா கொழுந்து கிள்ளுகிறவள், ஒன்பது கெஜப் புடவையே ஒரு சுற்றுக்குப் போதாத உடம்புக்காரி. சுள்ளிக்கு வந்த இடத்தில் பாதையை மறித்து ஒரு காட்டுமாடு நின்றதாம், கண்ணுக்கு எட்டின பொந்து இதுதானாம், நுழைந்துவிட்டாளாம்.

"ஏட்டி கனி, பழம் நல்லாருந்துச்சு. கருவாட்டுலதான் உப்புக் கூடிப்போச்சு," என்றாள் உள்ளேயிருந்தபடியே.

அந்தப்பக்கத்துக் கதவைத் தூக்கினார்கள். மயிலம்மா தவழ்ந்து வெளியே வந்தாள், முழங்காலைத் தட்டினாள், நேராகக் காட்டுமாட்டிடம் போனாள். அது இன்னும் அங்கேதான் ஜீப் பருமனுக்கு நின்றுகொண்டிருந்தது. அதன் விலாவில் உள்ளங்கையால் ரெண்டு தட்டுத் தட்டி, "நகரு சாமி, மஸ்டர்ல பேர் குடுக்க நேரமாச்சு," என்றாள். அது நகர்ந்தது. ஐம்பது வருஷமாகக் காட்டுமாட்டின் சாணியைக் கண்டாலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிற மயிலம்மா, அவளுடைய பயத்தைக் கூண்டுக்குள் இறக்கி வைத்துவிட்டு வந்துவிட்டாள் என்பது அப்போதே எல்லாருக்கும் புரிந்தது. ரெஹானா டாக்டர் சட்டைப் பையிலிருந்து, பிடிபட்ட மிருகத்துக்கு எழுதுகிற ஃபாரத்தை எடுத்து, இனம் மனிதர், பால் பெண், வயது ஐம்பத்தெட்டு, காயம் இல்லை என்று எழுதி, நேரத்தையும் போட்டுக் கையெழுத்திட்டார்.

ஏன் இப்படி என்று தவளைப்பாறையில் யாரும் கேட்கவில்லை. எத்தனை மணிக்குத் திறப்பீர்கள் என்றுதான் கேட்டார்கள்.

அடுத்த நாள் எட்டுப் பேர் வந்தார்கள், அதற்கடுத்த நாள் இருபத்திரண்டு பேர். இந்தப்பக்கம் நுழைந்து அந்தப்பக்கம் வெளியே வர வேண்டும், அவ்வளவுதான். ஊசிக்குப் பயந்தவர்கள் வந்தார்கள், அட்டைக்குப் பயந்தவர்கள் வந்தார்கள், மாமியாருக்குப் பயந்த மருமகளும் அந்த மருமகளுக்குப் பயந்த மாமியாரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் வந்து வரிசையில் முன்னும் பின்னுமாக நின்றார்கள். பகலெல்லாம் மனுஷருக்கு, பொழுது சாய்ந்தால் புனுகுக்கு என்று ஜெபக்கனி சட்டம் போட்டாள். வரிசையில் நிற்கிறவர்களுக்கு யாரோ சுக்குக்காப்பி காய்ச்சினார்கள், யாரோ பந்தல் போட்டார்கள். இருபத்தெட்டாவது கொண்டை ஊசி வளைவில் ஆயுள் முழுக்க வியர்த்த சுடலை உள்ளே போய்விட்டு வந்து, அன்று மத்தியானமே அந்த வளைவில் ஹாரன் அடிக்காமல், ஒரு கையில் ஸ்டீயரிங்கும் ஒரு கையில் பாதி வடையுமாகத் திரும்பினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரெஹானா டாக்டர் அன்றிலிருந்து ஜீப்பில் கண்ணை மூடிக்கொண்டே போய்வந்தார். "நீங்களும் ஒரு தடவை நுழைஞ்சிருங்களேன் டாக்டரம்மா," என்று எல்லாரும் சொல்லிப் பார்த்தார்கள். "நானும் போயிட்டா ஃபாரம் யாரு எழுதுறது?" என்றுவிட்டார் அவர். அறுபத்துமூன்று பேர் நுழைந்து அறுபத்துமூன்று பேரும் கீறலில்லாமல் வந்திருக்கிறார்கள், காயம் பூஜ்யம், இப்படி ஒரு கூண்டு எங்கேயும் இருந்ததில்லை என்று அவர் ஃபாரக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சிரித்தபோது ஜெபக்கனிக்கும் சிரிப்பு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெல்லியப்பா தொரையே தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றார். நுழைந்தார், வயிற்றை எக்கிக்கொண்டு வெளியே வந்தார், நின்ற இடத்திலேயே ஹெட் ஆபீசுக்குப் போன் போட்டு, "ஏலக்காட்டை வெட்ட மாட்டேன். உங்களால ஆனதைப் பாருங்க," என்று சொல்லி வைத்துவிட்டார். பந்தலே கைதட்டியது.

இத்தனை கொண்டாட்டத்துக்கு நடுவே மணலில் கால்தடம் விழ ஆரம்பித்திருந்தது. விடியலில் ஜெபக்கனி குனிந்து பார்த்தாள். ஐந்து விரல், அகலமான பாதம், கேமராவில் விழுந்த அதே பின்னங்காலின் அளவு. இருக்கிறது! அவள் மணலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு ஒரு சின்னப் பிள்ளைபோலக் கைதட்டினாள். ஆனால் அந்தத் தடம் கூண்டுக்கு ஒரு முழம் முன்னால் வரைக்கும் வந்து, மூன்று சுற்றுச் சுற்றி, திரும்பிப் போயிருந்தது. மறுநாளும் அப்படியே வந்து, மூன்று சுற்றுச் சுற்றி, போய்விட்டது. சந்தன வாசனை எப்போதோ மழையில் போய்விட்டது, பழம் பழுத்துக் கமகமவென்றிருக்கிறது, ஆனாலும் அது நுழையவில்லை. வாசல்வரை வந்து, வேண்டாம் என்று போகிறது.

அந்த வாரம்தான் மயிலம்மா அவளைப் பிடித்துக்கொண்டாள். "ஊரே போயாச்சு. நீ செஞ்ச பொட்டி, நீ மட்டும் போகலையே. உன் மொகத்தைக் கண்ணாடில பாத்தியாட்டி? போ, போயிட்டு வா."

ஜெபக்கனி போனாள். இருட்டு, சருகு, தான் தேய்த்த பலகையின் வழவழப்பு, அந்த முனையில் ஒரு சதுர வெளிச்சம். வெளியே வந்து நின்றபோது உலகம் அமைதியாக இருந்தது. சுக்குக்காப்பிப் பாத்திரத்தைக் கரண்டி உரசியது. அது கரண்டி உரசிய சத்தமாக மட்டும் இருந்தது. ஆறு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்கு அவள் வயிறு நிறையச் சாப்பிட்டு, விடிந்த பிறகும் தூங்கினாள்.

நாலு நாள் கழித்து, மழையில் ஊறிக் கழன்ற மேல்பலகையை ஆணி அடித்துச் சரிசெய்துவிட்டு அவள் பாட்டுக்குக் கைகழுவிக்கொண்டிருந்தாள். கூண்டுக்குள் பழம் வைக்கப் போன ரெஹானா டாக்டர் "ஆ" என்று கையை இழுத்தார். புறங்கையில் நீளமாக ஒரு கோடு, அதிலிருந்து ரத்தம். ஆணியின் முனை பலகையைத் தாண்டி உள்ளே அரை விரல் நீட்டிக்கொண்டிருந்தது.

"என்ன ஜெபா இது?"

"ஆணிதானே டாக்டர்," என்றாள் ஜெபக்கனி.

டாக்டர் அவளையே பார்த்தார். "தடவிப் பார்க்கலையா நீ? ஆணிதானேன்னா சொன்னே? நீயா?"

ஜெபக்கனி அந்த ரத்தத்தைப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை, நெஞ்சு அடைக்கவில்லை, காது கூசவில்லை. உள்ளங்கையால் தடவவில்லை, கன்னத்தால் தடவவில்லை, தடவ வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை என்பதை அவள் யாரோ ஒருத்தியைப் பற்றிக் கேள்விப்படுவதுபோல நினைத்துக்கொண்டாள். பயம் இல்லாவிட்டாலும் அறிவு இருந்தது. கொறடு எடுத்து ஆணியைப் பிடுங்கினாள். கூண்டைத் தூக்கித் தராசுக் கொக்கியில் மாட்டப் போனாள், தூக்க முடியவில்லை. சுடலையும் இன்னும் இரண்டு பேரும் வந்து பிடித்து மாட்டினார்கள். முள் நாற்பத்தாறு கிலோவில் போய் நின்றது. உள்ளே ஒரு வாழைப்பழமும் ஒரு கருவாடும்தான் இருந்தன.

"இத்தனை பேரு பயமும் இதுக்குள்ளதான் கிடக்கு," என்றாள் அவள். "இதுக்குள்ள அது எப்படி நுழையும்? அதுக்கு ஏற்கெனவே உள்ள பயம் போதாதா?"

கார்த்திகைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. மஸ்டர் களத்தில் எல்லாரும் கூடினார்கள். ஜெபக்கனி கூட்டத்தில் பேசிப் பழகாதவள், ஆனால் இப்போது அவளுக்குப் பயம் இல்லையே, அதனால் நேராகச் சொன்னாள்: அவரவர் பயத்தை அவரவர் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், போன வழிக்கு எதிர்வழியாக நுழைந்து வந்தால் போதும்.

"வாங்கினதைத் திருப்பிக் குடுப்பியா தாயி, இது என்ன நியாயம்?" என்றார் சுடலை. "நாப்பது வருசம் கழிச்சு இப்பதான் மனுசனாட்டம் வண்டி ஓட்டுறேன்."

"யாரு, நீங்களா?" என்றார் ரெஹானா டாக்டர். "கண்ணைத் திறந்து ஒரு தடவை உங்களோட வந்து பாக்கணும் நானு."

சிரிப்பு எழுந்தது. அதோடு சலசலப்பும் எழுந்தது. காட்டை அப்படியே விடுவதாகத் தொரைதான் சொல்லிவிட்டாரே, இனி எதற்கு இதெல்லாம் என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

களத்தின் ஓரத்தில் நின்ற பெல்லியப்பா தொரை முன்னால் வந்தார். "நான் சொன்னேன். அதனால என்னை மாத்திட்டாங்க. நாளன்னைக்குக் காலைல புது மேனேஜர் வர்றார், ஜேசிபியோட. எனக்கு அதுல ஒரு பயமும் இல்லை. ஆனா என் வார்த்தைக்கு இனி எட்டு மணிவரைக்கும்தான் மதிப்பு," என்றார், வானிலை அறிக்கை வாசிப்பதுபோல.

அப்போது மயிலம்மா தலையிலிருந்த கூடைக்கயிற்றைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"நேத்து என் பேத்தி, மூணு வயசுப் பிள்ளை, கையில கடலைமிட்டாயை வச்சுக்கிட்டு ஒரு காட்டுமாட்டைப் பாத்து நடந்து போறா. ஊட்டி விடப் போறாளாம். நான் பாத்துக்கிட்டே நிக்கேன். வெத்தலை மெல்லுதேன். அது தலையைத் தூக்குது, நான் இன்னும் மெல்லுதேன். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அந்தப்பக்கமிருந்து தாவி வந்து பிள்ளையைத் தூக்கிட்டு ஓடுறா. அவ அன்னைக்குக் காய்ச்சல்னு கூண்டுக்கு வரலை பாரு, அதனால தூக்கினா." அவள் குரல் அப்போதும் நடுங்கவில்லை, அதுதான் எல்லாருக்கும் ஏதோபோல இருந்தது. "எனக்கு என் பயம் வேணும். அது என் பிள்ளைக்கு உள்ளது."

மறுநாள் காலையிலிருந்து எதிர்வரிசை தொடங்கியது. இந்த வரிசைக்கும் சுக்குக்காப்பி காய்ச்சினார்கள். முன்னே வெளியேறிய வாசலால் நுழைந்து, முன்னே நுழைந்த வாசலால் வெளியே வந்தார்கள். கோயில் வாசலில் அத்தனை செருப்புக் குவியலிலும் தன் செருப்பைக் கால் தானாகவே கண்டுபிடிப்பதுபோல ஒவ்வொருவரும் இருட்டில் துழாவித் தன்னுடையதை எடுத்துக்கொண்டார்கள். லேசாகப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துப் போனவர்களும் தன்னுடையதோடுதான் வந்தார்கள், அடுத்தவர் பயம் யாருக்கும் அளவு சேரவில்லை. மயிலம்மா வெளியே வந்த கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, "எங்கட்டி என் பேத்தி? யாராவது பாத்தியளா?" என்று அலறினாள், பிள்ளையை மடியில் கொண்டுவந்து போட்ட பிறகும் ஒரு மணிநேரம் அழுதாள், எல்லாரும் சந்தோஷமாக அவளைச் சமாதானப்படுத்தினார்கள். சுடலை வெளியே வந்து ஜீப்பைப் பார்த்தார், மலைச்சரிவைப் பார்த்தார், "ஐயோ, இந்தக் கையாலயா வடை தின்னேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். மாமியாரும் மருமகளும் ஒருவரை விட்டு ஒருவர் மரியாதையாக விலகி நின்றார்கள். ஒவ்வொரு பத்துப் பேருக்கும் ஒருமுறை தராசில் தூக்கினார்கள். நாற்பது. முப்பத்திரண்டு. இருபத்தைந்து. ஒவ்வொரு எண்ணுக்கும் பந்தல் கூவியது.

பத்தொன்பதில் முள் நின்றது. மிச்சம் இரண்டு பேர்.

பெல்லியப்பா தொரை தொப்பியைக் கழற்றி ஜெபக்கனியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முதல் வேலையாகப் போனை எடுத்துப் பார்த்தார்; ஹெட் ஆபீசிலிருந்து பதினோரு அழைப்புகள். போனைத் திரும்பப் பையில் போட்டார்.

"ஜெபக்கனி, நல்லாக் கேட்டுக்கோ. நாளைக்கு எட்டு மணிக்குப் புது ஆள் வருவார். நான் அவர் பின்னாலதான் நிப்பேன். தடுக்க மாட்டேன், தடுக்க எனக்குப் பயமா இருக்கு. அதுக்குள்ள காட்டு. முழுசாக் காட்டு. வாலெல்லாம் பத்தாது."

கூண்டு பதினாறு கிலோவுக்கு வந்திருந்தது. மிச்ச இரண்டு கிலோ யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் யாரும் அவளைப் பார்க்கவில்லை. ஜெபக்கனி குனிந்தாள். அந்தப்பக்கத்து வாசலில் தலையை விட்டாள். அந்தச் சத்தம் அங்கேதான் காத்திருந்தது. அவளைக் கண்டதும் விட்டுவிட்டு வந்த பிள்ளை மாதிரி வந்து ஒட்டிக்கொண்டது. பல், கம்பி, பல், கம்பி. பாதி வழியில் நின்றுவிட்டாள். பிறகு, வெளியே இருந்தவர்களுக்கு இவள் ஏன் இன்னும் வரவில்லை என்று கவலை வருகிற அளவுக்கு நேரமானபோது, உள்ளேயிருந்து குரல் வந்தது.

"டாக்டர், உப்புத்தாள் குடுங்க. இங்க ஒரு சிராய் இருக்கு. இத்தனை நாளா இதை நான் பாக்கவே இல்லை."

தராசு முள் பதினாலில் வந்து நின்றது. அன்றைக்குப் பந்தல் கூவிய கூவலில் ஏலக்காட்டுக் கிளிகளெல்லாம் எழும்பிப் போயின. பொழுது சாய்வதற்குள் பந்தலைப் பிரித்து, அடுப்பை அணைத்து, காலடித் தடமெல்லாம் சருகால் கூட்டி, ஊர் அந்த இடத்தைவிட்டு இறங்கியது.

கார்த்திகை ஒன்றாம் தேதி விடியலில், ஐந்து நாற்பதுக்கு, போன் அடித்தது.

இந்தமுறை யாரும் ஓடவில்லை. ஜெபக்கனியும் டாக்டரும் வெறுங்காலோடு, பேசாமல், சருகு மிதிபடாமல் நடந்தார்கள். ஜெபக்கனியின் காதில் பல்லும் கம்பியும் உரசிக்கொண்டே வந்தன. கூண்டை நெருங்க நெருங்க அவள் தன் காதுக்கு வெளியே ஏதாவது கேட்கிறதா என்று கேட்டாள். ஒன்றுமில்லை. பிறாண்டல் இல்லை, முட்டல் இல்லை. செத்துவிட்டதோ? சாக்கை ஒரு விரல் அளவு விலக்கினாள்.

அது தூங்கிக்கொண்டிருந்தது. பழத்தைத் தின்றுவிட்டு, கருவாட்டைத் தொடாமல், வாலைச் சுருட்டி மூக்கின்மேல் போட்டுக்கொண்டு, சருகு மெத்தையில் தூங்கிக்கொண்டிருந்தது. கழுத்தில் வெள்ளைப் பட்டை. முதுகில் கறுப்பு முடி. முழுசு.

தராசு இருபத்திரண்டரை காட்டியது. பதினாலு போக எட்டரைக் கிலோ மிருகம். டாக்டர் மூச்சுத் துளை வழியாக மயக்க ஊசி போட்டார், பதினோரு நிமிஷத்தில் வேலையை முடித்தார். ஜெபக்கனி அதன் உதட்டை நீக்கிப் பல்லை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், ஒவ்வொரு நகத்தையும் பார்த்தாள். எல்லாம் இருந்தது. இனம் புனுகுப்பூனை, பால் பெண், காயம் இல்லை என்று எழுதும்போது டாக்டரின் கட்டுப்போட்ட கையில் எழுத்துக் கோணிப்போயிற்று. ரேடியோ பட்டையை இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத் தளர்வாகக் கட்டி, மயக்கம் தெளிவதற்காக அதைத் திரும்பவும் சருகில் படுக்க வைத்துச் சாக்கால் மூடினார்கள்.

எட்டு மணிக்கு ஜேசிபி உறுமிக்கொண்டு ஏறி வந்தது. அதற்கு முன்னால் ஊரும் வந்துவிட்டது, தூரத்திலேயே வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. வழுவழுப்பான ஷூ போட்ட புது மேனேஜரும் அவருக்குப் பின்னால் பெல்லியப்பாவும் இறங்கினார்கள். டாக்டர் சாக்கை ஒரு விரல் அளவு விலக்கிக் காட்டினார். உள்ளே இரண்டு கண் திறந்திருந்தன.

புது மேனேஜர் நிமிர்ந்தார். ஃபாரத்தை வாங்கிப் படித்தார், கைக்குட்டையால் நெற்றியை ஒற்றினார். "இந்தக் காட்டை வெட்டினா..." என்றார்.

"ஜெயில் சார்," என்றார் பெல்லியப்பா. "வெட்டலைன்னா திட்டு. நான் இந்த ரெண்டு பயத்தையும் எடை பார்த்தவன். திட்டு லேசு."

புது மேனேஜர் கையை ஆட்டினார். ஜேசிபி பின்னோக்கி ஊர்ந்து இறங்கியது. ஊர் கத்துவதற்கு வாயைத் திறந்தது. ஜெபக்கனி உதட்டில் விரலை வைத்ததும் அத்தனை வாயும் சத்தமில்லாமல் மூடிக்கொண்டு சிரித்தது.

அவள் கதவு இரண்டையும் தூக்கிக் கட்டினாள். எல்லாரும் காத்திருந்தார்கள். ஒரு மூக்கு வந்தது, காற்றை மோந்தது, திரும்ப உள்ளே போனது.

"இத்தனை பேரு நின்னா எப்படி வரும்?" என்றாள் மெதுவாக. "போங்க. எல்லாரும் போங்க."

புது மேனேஜர் முதலில் போனார். ஊர் ஒவ்வொருவராக, குதிகாலை ஊன்றாமல் இறங்கியது. சுடலை கூண்டைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். மயிலம்மா பேத்தியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனாள். பெல்லியப்பா தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். டாக்டர் அவள் தோளைத் தொட்டார். "நீ இருந்து பாத்துட்டு வா ஜெபா. ஆறு வருஷம்."

ஜெபக்கனி நின்றாள். ஆசையாகத்தான் இருந்தது. அது வெளியே வந்து ஒரு காலை மண்ணில் வைப்பதை, ஏலச்செடிக்குள் நுழைவதை, வாலிலிருந்து தலைவரை ஒருமுறை முழுசாக அது நடப்பதைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. மூக்கு மறுபடியும் வந்தது, அவளைக் கண்டது, உள்ளே போனது. மயக்கம் சரியாகத் தெளிந்ததோ, பட்டை உறுத்துமோ, கால் தடுமாறுமோ என்று காதுக்குள் அந்தச் சத்தம் உரசிக்கொண்டே இருந்தது. அவள் அதையும் கூட்டிக்கொண்டு, சருகு மிதிபடாமல், பாதையில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்து போனாள்.